கிபிர் யாருடையது, யூரியா யாருடையது

கேள்வி: உக்ரைன், காசா என்று எங்கே நெருக்கடி வந்தாலும் இலங்கை அரசு "நாங்கள் அணிசேரா நாடு" என்று சொல்லி நழுவுவது ஏன்? வன்னியில் போருக்குள் இருந்தவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

நான் கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவன். இராஜதந்திரம் படித்ததில்லை. கேள்வியின் இரண்டாம் பாதி என்னைப் போன்றவர்களைப் பார்த்துக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இலங்கை எல்லா இடத்திலும் நழுவுவதில்லை. ரஷ்யப் படை உக்ரைனை விட்டு வெளியேற வேண்டும் என்று 2022 மார்ச் 2-ல் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 நடுநிலை வகித்தன. அந்த 35-க்குள் இலங்கை இருந்தது. இந்தியாவும் சீனாவும் கூடத்தான். ஆனால் 2023 ஒக்டோபர் 27-ல் காசாவில் சண்டையை நிறுத்தக் கேட்ட தீர்மானத்துக்கு இலங்கை ஆதரவாகவே வாக்களித்தது. அன்றைக்கு ஒதுங்கியது இந்தியா. ஆகவே எங்கே நிற்பது, எங்கே நழுவுவது என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு வெளியுறவுக் கொள்கை வானத்திலிருந்துதான் பழக்கம். வன்னியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் "கிபிர்" என்றால் தெரியும். இஸ்ரேல் செய்த விமானம் அது. 1996-லிருந்து இலங்கை விமானப்படையிடம் இருந்தது. "மிக்" என்றால் மிக்-27, சோவியத் காலத்துத் தயாரிப்பு, 2000-ல் உக்ரைனிலிருந்து வாங்கியது. 2006-ல் இன்னும் நான்கு வாங்கினார்கள். அந்தக் கொள்வனவில் நடந்த முறைகேடு பற்றிய கதை கொழும்பில் பல வருடமாக ஓயவில்லை; அது வேறு விஷயம். வருவது கிபிரா மிக்கா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவோம். இஸ்ரேல், உக்ரைன் என்ற இரண்டு நாடுகளின் பெயரையும் நான் முதலில் பழகியது பங்கருக்குள் குந்தியிருந்துதான்.

அதே இலங்கைதான் பலஸ்தீனத்தின் பழைய நண்பன். 1970-ல் வந்த சிறிமா பண்டாரநாயக்க அரசு இஸ்ரேலோடு உறவை நிறுத்தியது. 1984-ல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு, கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஒரு பிரிவு திறக்க இடம் கொடுத்தது. 2000-ல் முழு உறவு திரும்பி வந்தது. மகிந்த ராஜபக்ச 2014-ல் பலஸ்தீனம் போய் அங்கே விருதும் வாங்கிக்கொண்டு வந்தார். வாக்கு ஒரு பக்கம், கொள்வனவு ஒரு பக்கம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க இங்கே எந்த அரசும் விரும்பியதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாங்களே ஒரு "சர்வதேச நெருக்கடி"யாக இருந்திருக்கிறோம். அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி, வன்னியில் இருந்த ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் அரசு வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் சனம் அலுவலக வாசலில் கூடி "எங்களை விட்டிட்டுப் போகாதையுங்கோ" என்று கேட்டது. வாகனங்கள் போய்விட்டன. அந்தக் காலத்தில் தன்னுடைய அமைப்பு தவறிவிட்டது என்று 2012-ல் ஐ.நா.வின் சொந்த உள்ளக அறிக்கையே ஒப்புக்கொண்டது.

நாங்கள் தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுமாத்தளன் என்று ஒதுங்கிக்கொண்டே போனோம். இயக்கம், அதாவது புலிகள், வெளியே போக விடவில்லை. ஆமியின் ஷெல் உள்ளே இருக்க விடவில்லை. அந்த 2009 ஜனவரியில் காசாவிலும் போர் நடந்தது. ரேடியோவில் இரண்டு செய்தியும் அடுத்தடுத்து வரும். முதலில் காசா, பிறகு நாங்கள். சில நாட்களில் நாங்கள் வருவதே இல்லை. பற்றரியை வீணாக்காதே என்று அப்பா நிறுத்திவிடுவார். அவர் 90-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்ட மனிதர். பற்றரியின் பெறுமதி அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 29-ல் பிரித்தானிய, பிரெஞ்சு வெளிவிவகார அமைச்சர்கள் மிலிபாண்டும் குஷ்னேரும் கொழும்புக்கு வந்து போர்நிறுத்தம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்கள் வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் முள்ளிவாய்க்கால் மணலில் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தேன். மணலில் பங்கர் நிற்காது. சேலையில் பை தைத்து மண் நிரப்பித்தான் அடுக்க வேண்டும்.

போர் முடிந்து பத்து நாள் ஆக முன்னம், மே 27-ல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. இலங்கை தன் பக்கத் தீர்மானத்தைத் தானே கொண்டுவந்து, 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை என்று வென்றது. இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், தென்னாபிரிக்கா, கியூபா எல்லாம் ஆதரவு. மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. வெளியே வந்து, ஒருநாள் வவுனியாவில் ஒரு நெற் கஃபேயில் இருந்து அந்தப் பட்டியலை ஒவ்வொரு நாடாக வாசித்தேன். கியூபாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சே குவேரா படம் போட்ட ரீசேர்ட்டோடு திரிந்த காலம் ஒன்று எனக்கும் உண்டு.

நடுநிலை வகித்த ஆறில் ஒரு பெயர் உக்ரைன்.

2022 பெப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழத் தொடங்கியபோது எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார்: "மிக் வித்தவங்கள்தானே, பார்க்கட்டும்." நாலைந்து பேர் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கார்கிவ் நகரத்தில் நிலத்தடி ரயில் நிலையத்துக்குள் சனம் படுத்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு வயதான மனிசி தன் பையை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ஆவணப் பை. அப்படித்தான் நாங்களும் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பகிடி எனக்கு வாயில் வரவில்லை.

சரி, 2022-ல் உக்ரைன் பற்றிய வாக்கெடுப்பில் இலங்கை ஏன் ஒதுங்கியது? மேடையில் சொன்ன காரணம் அணிசேராமை. என் கணக்கில் காரணங்கள் வேறு. 2021 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானம் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை என்று நிறைவேறியது. அதில் ரஷ்யா இலங்கையின் பக்கம் வாக்களித்தது. உக்ரைனோ அந்தத் தீர்மானத்தை ஆதரித்தது. ஒரு வருடத்தில் அந்த இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்தால் கொழும்பு யார் முகத்தைப் பார்க்கும்? அதோடு ரஷ்யா தேயிலை வாங்குகிற நாடு, உல்லாசப் பயணிகளை அனுப்புகிற நாடு. பெற்றோல் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட அந்த மே மாதம், சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்ததும் ரஷ்ய மசகெண்ணெய்தான். ஜூலையில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய தானே புட்டினுக்கு அழைப்பெடுத்து எரிபொருளுக்குக் கடன் கேட்டதை ட்விட்டரில் போட்டார். மூன்று நாளில் சனம் அவருடைய மாளிகைக்குள் இருந்தது.

இப்படிக் கணக்குப் பார்ப்பதே பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய ஆட்கள் இதைவிடத் துணிவாகப் பார்த்திருக்கிறார்கள். கொரிய யுத்தக் காலம், சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்று அமெரிக்கா முறுக்கிக்கொண்டு நின்றபோது, 1952-ல் டட்லி சேனநாயக்கவின் அரசு சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி. அது இடதுசாரி அரசு கூட இல்லை, மேற்கு நாடுகளோடு ஒட்டிய யூ.என்.பி. அரசு. சனத்துக்குச் சோறு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார்கள், அமெரிக்க உதவி நின்றது, நிற்கட்டும் என்று விட்டார்கள். அந்த மாதிரிக் கணக்கை நான் மதிக்கிறேன்.

1982 அப்படியில்லை. போக்லாந்து தீவுகள் பற்றிப் பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் பேசித் தீர்க்க வேண்டும் என்று வந்த தீர்மானத்தை உலகத்திலேயே 12 நாடுகள்தான் எதிர்த்தன. அதில் இலங்கை ஒன்று. விக்டோரியா அணைக்கட்டுப் பிரித்தானியக் காசில் எழும்பிக்கொண்டிருந்த காலம். சோறு போட்ட கைக்கு விசுவாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 1987 ஜூன் 4-ல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப் பொதி போட்டபோது, கொழும்புக்குத் துணையாகப் பிரித்தானியப் பக்கத்திலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. இரண்டு மாதம் முடிய முன்னம் இந்திய-இலங்கை ஒப்பந்தம்.

என் குறை எதில் என்றால், கணக்குப் பார்த்துவிட்டு அதைத் தர்மம் என்று பெயர் மாற்றுவதில். "எங்களுக்கு எண்ணெய் வேண்டும், ஜெனீவாவில் ஒரு வாக்கு வேண்டும், ஆகவே ஒதுங்குகிறோம்" என்று சொல்லட்டும், நான் தலையாட்டுவேன். காசாவுக்குக் கண்ணீர் விடுகிற அதே வாயால், தன் நாட்டுக்குள் நடந்ததை விசாரிக்கக் கேட்டால் "உள்நாட்டு விவகாரம்" என்றால் எப்படி? காசாப் பிள்ளைகளுக்காக அழ எங்களுக்கும் காரணம் இருக்கிறது, கொழும்பை விடக் கொஞ்சம் கூடவே. அது வேறு கணக்கு.

பசளைக்கு வருவோம், எனக்குத் தெரிந்த இடம். 2021-ல் இரசாயனப் பசளையைத் தடை செய்தது முழுக்க உள்ளூர் மடைத்தனம். அதற்குப் புட்டினைக் குற்றம் சொல்ல முடியாது. தடை எங்களுக்குப் புதிதும் இல்லை. வெடி செய்யலாம் என்று 90-களிலேயே வன்னிக்கு யூரியா வராமல் மறித்தவர்கள்தானே. ஆனால் தடையை எடுத்த நேரம் உக்ரைன் போர் வந்து உலக விலையைத் தூக்கிவிட்டது. 1,500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பை யூரியா, கறுப்புச் சந்தையில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. இரணைமடுக் குளத்தில் தண்ணி இருந்தும் பாதி வயலைத் தரிசாக விட்டேன்.

பிறகு வந்தது பாருங்கள். 2022 ஜூலையில் இந்தியக் கடனில் 44,000 தொன் யூரியா. 2023-ல் அமெரிக்கா கொடுத்த 36,000 தொன் ரி.எஸ்.பி. (பொஸ்பேற்றுப் பசளை), கமநல சேவை நிலையத்தில் இலவசமாகத் தந்தார்கள். 2025-ல் ரஷ்யா அன்பளிப்பாக 55,000 தொன் எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை). அடிக்கட்டுக்கு அமெரிக்கா, பச்சை பிடிக்க இந்தியா, மணி முற்ற ரஷ்யா. நடுநிலையால் என்ன பிரயோசனம் என்று கேட்டால், என்னால் வயலைக் காட்டி இது என்றுதான் சொல்ல முடியும். வெட்கமாகவும் இருக்கிறது, நெல்லும் விளைந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. காசாவுக்கு ஆதரவாக வாக்களித்து ஒரு மாதம் ஆக முன்னம், இலங்கை அரசு இஸ்ரேலின் தோட்டங்களுக்குப் பத்தாயிரம் பேரை அனுப்ப உடன்பட்டது. 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில், செங்கடலுக்கு அமெரிக்கக் கூட்டணியோடு கடற்படைக் கப்பல் அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு கிழமைக்கு 250 மில்லியன் ரூபாய் செலவாம். ஏப்ரலில் காசாச் சிறுவர் நிதி என்று பத்து லட்சம் டொலரும் கொடுத்தார்கள். வாக்கும் காசும் பலஸ்தீனத்துக்கு, ஆள் இஸ்ரேலுக்கு, கப்பல் அமெரிக்காவுக்கு.

அந்த ஆட்களில் என் பெறாமகனும் ஒருவன். விண்ணப்பப் படிவத்தோடு வந்தபோது அம்மா கேட்டார், "கிபிர்க்காரன்ர ஊருக்கோ போறாய்?" அவன் சிரித்தான். "அப்பம்மா, அங்க ஒரு மாதம் தக்காளி பிடுங்கினா இஞ்ச ஒரு வருசத்துக் காசு." நான் தடுக்கவில்லை. தடுக்கிறதுக்கு என்னிடம் அவனுக்குக் கொடுக்க வேறு வேலை இருந்ததா?

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் அடிபட்ட கிழமை, இலங்கை வெளிவிவகார அமைச்சு வழக்கம்போல ஆழ்ந்த கவலை தெரிவித்தது, நிதானம் காக்கச் சொன்னது. அந்தக் கிழமை ஓர் இரவு அவன் வாட்ஸ்அப்பில் வந்தான். பின்னால் சைரன் கேட்டது. அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்தார்.

"பங்கர் கிட்டவோ?"

"பக்கத்திலதான் அப்பம்மா. சீமெந்துப் பங்கர்."

"செருப்பைப் போட்டுக்கொண்டு படு" என்றார்.