தண்டுவடக் காயத்தில் என்னென்ன வகை? வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

முழுமையான காயத்தில் ஆசனவாய்ப் பகுதி உட்பட, அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இருக்காது. பகுதிக் காயத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கழுத்தில் அடிபட்டால் கைகால் நான்கும், அதற்குக் கீழே என்றால் கால்களும் பாதிக்கப்படும்.

நான் முதலில் அஞ்சுவது படுக்கைப்புண்ணுக்குத்தான். வலி தெரியாததால் நோயாளி சொல்ல மாட்டார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, பிட்டத்தின் மேற்பகுதி, குதிகால், இடுப்பு ஓரங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அங்கே பாரமே படக் கூடாது.

மேல் மார்பு மட்டத்திலோ கழுத்திலோ தண்டுவடக் காயமுள்ளவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஆடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்; பக்கவாதம் வரை போய்விடும்.