பழைய ஸ்லாட் மெஷினை ஆன் செய்தால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது. பவர் சப்ளையைச் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஃபியூஸ் போகாமல் ‘டிக் டிக்’ என்று கேட்டால், சப்ளை கிளம்பப் பார்த்து நின்றுபோகிறது. என் முதல் சந்தேகம் எப்போதும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்மேல்தான் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளைகள்). வருடக்கணக்கான சூட்டில் உள்ளிருக்கும் திரவம் வற்றிவிடும். தலை உப்பியிருந்தால் கண்ணிலேயே தெரியும். ஆனால் சப்ளையை இயக்கும் சிப்பான கன்ட்ரோல் ஐசி பக்கத்திலுள்ள குட்டிக் கெப்பாசிட்டர் உப்பாமலே செத்துப்போகும். அதை, கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில்தான் பிடிக்க முடியும்.

தொடுவதற்கு முன் ஒன்று: 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கும். ரெசிஸ்டர் வைத்து அந்த வோல்டேஜை இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி சூடு தாங்கும், குறைந்த இஎஸ்ஆர் வகையைப் போடுங்கள். பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. ஃபியூஸ் கருகியிருந்தால் கதை வேறு. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரும் ஷார்ட்டா என்று முதலில் பாருங்கள். பழுது முடிந்ததும், குண்டு பல்பு ஒன்றை, சப்ளைக்கு வரும் மின்லைனில் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் போகவில்லை.