மேலதிகச் சான்று கேட்டு வந்த கடிதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, விசா விண்ணப்பத்துக்கு மேலதிகச் சான்று கேட்டு வந்த கடிதத்துக்கு எப்படிப் பதில் அனுப்புவது என்பதைப் பற்றியவை. ஆனால் அந்தக் கடிதத்தின் பிரதியை இணைத்தவர்கள் மூவர் மட்டுமே; மற்றவர்களுக்கு ஊகித்தே எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பெயரையும் கோவை இலக்கத்தையும் மறைத்துவிட்டு, எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள்.

கேள்வி (உப்புவெளி வாசகி): என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். எனக்காக அவர் தாக்கல் செய்த ஐ-130 மனுவுக்கு (உறவினரை அழைப்பதற்கான மனு), எங்கள் திருமணம் உண்மையானதென்று காட்டும் மேலதிகச் சான்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் படங்களை இப்போது அனுப்பிவிட்டு, மற்றவற்றைக் கிடைக்கக் கிடைக்க அனுப்பலாமா?

பதில்: கூடாது, சகோதரி. அமெரிக்கக் குடிவரவுச் சேவையின் விதிப்படி, கேட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். ஒரு பகுதியை மட்டும் அனுப்பினால், "என்னிடம் இருப்பது இவ்வளவுதான், இதை வைத்தே முடிவெடுங்கள்" என்று நீங்கள் கேட்டதாகவே அதை எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வருவதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். இவ்வகைக் கடிதத்துக்குத் தரக்கூடிய உச்ச அவகாசம் 12 வாரங்கள், அதாவது 84 நாட்கள். தபாலுக்கென்று சில நாட்கள் கூட்டுவார்களே தவிர, எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு மேல் நீடிப்பு இல்லை. கடிதத்தில் அச்சிட்டுள்ள கடைசித் திகதிக்குள் உங்கள் பதில் அவர்களுடைய கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தபாலில் சேர்த்தால் போதாது. பதிலே அனுப்பாவிட்டால் மனுவைக் கைவிட்டதாகக் கருதி நிராகரிக்கலாம். மனுதாரர் உங்கள் கணவர் என்பதால் கடிதம் அவருடைய முகவரிக்கே போயிருக்கும். அதன் அசலைக் கட்டின் மேலே வைத்து அவரே அனுப்ப வேண்டும்.

இனி, கல்யாணப் படங்கள். எனக்குக் காட்டப்படும் ஆல்பங்களில் இருநூறு படங்கள் இருந்தால், இருநூறும் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்கின்றன. தாலி கட்டியதை அதிகாரி சந்தேகிக்கவில்லை. தாலி கட்டிய பின் இன்றுவரை நீங்கள் கணவன் மனைவியாக வாழ்ந்து வந்ததற்கு என்ன அடையாளம் என்றுதான் கேட்கிறார். அவர் ஊருக்கு வந்துபோன ஒவ்வொரு தடவைக்கும் கடவுச்சீட்டு முத்திரையும் விமானச் சீட்டும், மாதாமாதம் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், பல மாதங்களுக்குப் பரவிய அழைப்புப் பதிவுகள், உங்களை அவருடைய காப்புறுதியிலோ வங்கிக் கணக்கிலோ உரித்தாளியாகக் குறித்த பத்திரம், இரு குடும்பங்களையும் நேரில் அறிந்த இருவரின் சத்தியக்கடதாசி ஆகியவை அதற்கான விடை. படங்களில் பதினைந்து, இருபது போதும்; ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர் யார் என்பதை எழுதுங்கள்.

கேள்வி (கிண்ணியா): அசல் பத்திரங்களை அனுப்புவதா, பிரதியா?

பதில்: அசல் வேண்டுமென்று கடிதத்தில் எழுதியிருந்தாலன்றி, தெளிவான பிரதியே போதும்.

கேள்வி (தம்பலகாமம்): கனடாவிலுள்ள கணவரின் ஸ்பொன்சருக்காக 30 நாள் அவகாசம் தந்து பொலிஸ் நற்சான்றிதழும் வேறு இரண்டு பத்திரங்களும் கேட்டிருக்கிறார்கள். கடிதம் முகவரின் மின்னஞ்சலுக்குப் போனதால் 22 நாட்களுக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தது.

பதில்: எஞ்சியிருக்கும் எட்டு நாட்களை வீணாக்காதீர்கள். கையிலுள்ள இரண்டு பத்திரங்களையும் இணையக் கணக்கின் வழியாக உடனே ஏற்றுங்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பித்து, விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டையும், தாமதத்துக்கான காரணத்தையும், எப்போது கிடைக்கும் என்பதையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதிச் சேர்த்து, மேலதிக அவகாசம் கேளுங்கள். அவகாசம் முடியுமுன் கேட்டால் கனடிய அதிகாரி கவனிக்க இடமுண்டு. முடிந்த பின் கேட்பதற்கு அந்த மதிப்பு இல்லை. மேலே அமெரிக்க மனுவுக்குச் சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. ஒரு நாட்டின் நடைமுறையை இன்னொரு நாட்டுக்குப் பொருத்த வேண்டாம். முகவர் எவரானாலும், மின்னஞ்சல் முகவரியும் கணக்கின் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் பல தடவை எழுதிவிட்டேன். மீண்டும் எழுதுகிறேன்.

கேள்வி (பெயரோ இடமோ இல்லை): விசாவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எந்த நாடு, எந்த விசா, கையில் தந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்ற மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்குப் பின் 221(ஜி) (பத்திரங்கள் குறைவதால் விசாவை இப்போதைக்கு மறுக்கும் சட்டப் பிரிவு) என்று குறித்த தாளைத் தந்திருந்தால், கேட்ட பத்திரங்களைக் கொடுக்க அன்றிலிருந்து ஒரு வருடம் உண்டு. அதைத் தவறவிட்டால் புதிதாகக் கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வேறு எதுவானாலும் தாளின் பிரதியோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர்): என் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தகப்பனாரின் பெயர் ஒரு விதமாகவும், என் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கிறதென்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துக் கடவுச்சீட்டின்படி மாற்றி வாங்கினால் போதுமா?

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்திலிருந்து போகும் கோவைகளில் நான் பார்த்தவரையில் மிக அதிகமாகச் சிக்கல் விளைவது மொழிபெயர்ப்பில்தான், அதுவும் முற்றிலும் தவிர்க்கக்கூடிய சிக்கல்.

நம்முடைய பழைய பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் எழுதப்பட்டவை. அவற்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று ஒன்று கிடையாது. சந்திரசேகரம் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்கியும் எழுதலாம், 'எஸ்' எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். நடுவிலுள்ள ககரத்தைக் 'கே' ஆகவும் 'ஜி' ஆகவும் எழுதலாம். பாடசாலையில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம் என்று ஒரே மனிதர் மூன்று பெயர்களோடு வாழ்வது நமக்குப் பழகிவிட்டது. போதாததற்கு, தகப்பனின் பெயர் நமக்கு முதலெழுத்தாகவும் அவர்களுக்குக் குடும்பப் பெயராகவும் ஆகிவிடுகிறது. தமிழ் அறியாத அதிகாரிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரிவதில் வியப்பில்லை.

தமிழ் மூலத்தில் பெயர் ஒன்றாகவே இருந்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் வேறுபட்டால், கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலை மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்தலாம். ஆனால் மூலம் தமிழில் இருப்பதையும், எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டின்படி எடுக்கப்பட்டதையும் அவர் அடிக்குறிப்பாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதனுடன், இரண்டு எழுத்துக்கூட்டல்களும் ஒரே நபரைக் குறிப்பன என்று சமாதான நீதவான் அல்லது நொத்தாரிசு முன் முடித்த சத்தியக்கடதாசியையும், தகப்பனாரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் போன்றவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய மொழிபெயர்ப்பு ஏற்கெனவே அதிகாரியின் கோவையில் இருப்பதால், அதை ஏன் மாற்றினோம் என்பதையும் உங்கள் விளக்கக் கடிதம் சொல்ல வேண்டும். மாறாக, தமிழ் மூலத்திலேயே பெயர் வேறாக, ஒரு பகுதி விடுபட்டோ வேறு பெயராகவோ இருந்தால், மொழிபெயர்ப்பில் அதைச் சரிசெய்ய எவருக்கும் உரிமை இல்லை. பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, அது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை அனுப்புவதே நேர்மையான வழி.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு பெயரைத் திருத்துகிறார்கள். ஓரத்திலுள்ள திருத்தக் குறிப்புகளையும் முத்திரைகளையும் விட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்த மொழிபெயர்ப்பில், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூடே (கட்டமே) காணப்படவில்லை. மூலத்தில் "இல்லை" என்று இருந்தது. அவர்கள் கோயிலில் தாலி கட்டி, பதிவை ஆறு வருடங்களுக்குப் பின் செய்தவர்கள். மொழிபெயர்த்தவர் அந்தத் தாயின் மானத்தைக் காப்பதாக நினைத்து அதை விட்டிருக்கிறார். மூலத்தின் பிரதியும் கோவையில் இருந்ததால் அதிகாரி அதைக் கண்டுகொண்டார்; ஒரு வரி விளக்கத்தில் முடிந்திருக்க வேண்டியது, மறைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டு ஒன்றரை வருடம் இழுபட்டது. அந்தத் தாய் என் முன்னால் அழுததை நான் மறக்கவில்லை.

ஆகவே மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடு கூடாக நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவுக்கு, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தான் இரு மொழியும் அறிந்தவர் என்று மொழிபெயர்ப்பாளர் எழுதி உறுதிப்படுத்த வேண்டும். பிரித்தானியாவுக்கு அவருடைய முழுப்பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம் தேவை. அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புவதை அந்நாட்டுக்கு வெளியே மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பாளருடைய பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், தகைமை ஆகியவை வேண்டும். கனடாவுக்கு, உறவினர் எவரும் மொழிபெயர்க்கக் கூடாது. ஆங்கில ஆசிரியரான சித்தப்பா செய்து தந்தது செல்லாது.

கேள்வி (மூதூர்): 2004 ஆழிப்பேரலையில் வீட்டிலிருந்த எல்லாப் பத்திரங்களும் போய்விட்டன. அம்மாவின் பிறப்புப் பதிவு தேடியும் கிடைக்கவில்லை. அமெரிக்க மனுவுக்கு என்ன கொடுப்பது?

பதில்: வீட்டிலிருந்தது அழிந்தால் பதிவு அழிந்ததாகாது, முதலில் பதிவகத்தில் எழுத்து மூலம் தேடலுக்கு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் "பதிவில் காணப்படவில்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பித் திரும்பி வராதீர்கள், அந்தத் தாளே உங்கள் முதல் சான்று. அடுத்து, உத்தேச வயதுச் சான்றிதழ், பாடசாலை அனுமதிப் பதிவு, மதப் பதிவேடு இருந்தால் அதன் பிரதி ஆகிய இரண்டாம் நிலைச் சான்றுகள். அவையும் கிடைக்காது என்பதைக் காட்டிய பின்னரே, பிறப்பை நேரடியாக அறிந்த, மனுவில் சம்பந்தப்படாத இருவரின் சத்தியக்கடதாசிகளுக்கு இடமுண்டு. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சத்தியக்கடதாசியை மட்டும் அனுப்பிவிட்டு மறுப்பைப் பெறுகிறார்கள்.

கேள்வி (நிலாவெளி மாணவர்): பிரித்தானிய மாணவர் விசாவுக்கு நகையை அடகு வைத்து அப்பாவின் கணக்கில் பணம் போட்டு 10 நாட்களாகின்றன. விண்ணப்பிக்கலாமா? குறை இருந்தால் கேட்பார்கள்தானே?

பதில்: தேவையான தொகை 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி தொடங்கும். அந்த 28 நாட்களின் முடிவு, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாட்களுக்கு முற்பட்டதாக இருக்கவும் கூடாது. தகப்பனின் கணக்கென்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். குறை இருந்தால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் விண்ணப்பிக்காதீர்கள், தம்பி. கேட்காமலே மறுக்க அவர்களுக்கு முடியும்.

கேள்வி (பாலையூற்று): "மறுக்க உத்தேசித்துள்ளோம்" என்று அமெரிக்கக் கடிதம் வந்திருக்கிறது. இதுவும் சான்று கேட்கும் கடிதம்தானே?

பதில்: அல்ல. அதிகாரி பாதகமான முடிவை நோக்கிப் போய்விட்டார். அவகாசம் 30 நாட்களுக்கு மேற்படாது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் அனுபவக் கடிதம் கேட்கிறார்கள். பழைய முதலாளி இறந்துவிட்டார். முகவர், தானே கடிதத் தலைப்பு அடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்த முகவரிடமிருந்து இன்றே உங்கள் பத்திரங்களைத் திருப்பி வாங்குங்கள். பொய்ப் பத்திரத்துக்கு அவுஸ்திரேலியா 3 வருடமும், கனடா 5 வருடமும், பிரித்தானியா 10 வருடம் வரையும் தடை விதிக்கலாம். அமெரிக்காவில் விலக்குக் கிடைத்தாலன்றி ஆயுள் முழுவதற்கும் தடை. முதலாளியின் மரணச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, சம்பளம் விழுந்த வங்கிப் பதிவு, உடன் வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றை ஒரு விளக்கக் கடிதத்தோடு, கடிதத்தில் தந்த அவகாசத்துக்குள் ஏற்றுங்கள்.

கேள்வி (அலஸ்தோட்டம்): கடைசித் திகதி 07/04 என்று என் மைத்துனர் குறித்துத் தந்தார். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் அனுப்ப வேண்டுமா?

பதில்: மைத்துனர் அமெரிக்காவில் இருந்தால், அங்கே மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவார்கள், அது ஜூலை 4 ஆக இருக்கலாம். குறித்துத் தந்ததை நம்பாமல், கடிதத்தின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.