மின்கருவி எதுவும் இல்லாமல், மரக்கிளைகளை வைத்தே வீட்டில் ஸ்டூல், கதிரை செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் உட்கார்ந்துதான் செய்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு கைவாள், தேயிலைச் செடியைக் கழிக்கும் அப்பாவின் பழைய கவ்வாத்துக் கத்தி, ஒரு துறப்பணம் (கையால் சுற்றித் துளை போடும் கருவி), அதற்கு முக்கால் அங்குல அலகு ஒன்று, ஓர் உளி, கொய்யாக் கட்டையில் நானே செதுக்கிய கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல். கரண்ட் இருக்கிறது, டிரில் வாங்கவும் ஆசைதான். ஆனால் இந்த வேலையில் இதுவரை நான் பட்ட அடி ஒன்றுகூட கருவி இல்லாததால் பட்டதில்லை. எல்லாம் மரத்துக்குள் இருக்கும் தண்ணீரால் பட்டவை. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும்.

2020 ஊரடங்கில் கொழும்புக் கடை வேலையை விட்டு ஊருக்கு வந்து முடங்கியிருந்தேன். அப்பாயிக்கு அடுப்படியில் உட்கார ஒரு முக்காலி வேண்டும் என்றார். வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அன்றைக்கே அறுத்து, அன்றைக்கே ஆணி அடித்து, அன்றைக்கே கொடுத்துவிட்டேன். "வெறகுக்கு எதுக்குடா ஆணி அடிக்கிற?" என்று அம்மா கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் ஆணி அடித்த இடமெல்லாம் நீளவாக்கில் வெடித்தது, ஒரு கால் கழன்றது, அப்பாயி சாம்பல் மேட்டில் போய் உட்கார்ந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் முக்காலி அம்மா சொன்ன இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பக்கத்து டிவிஷனில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, காலு பச்சையா இருக்கட்டும், குறுக்குக் குச்சி நல்லா காஞ்சிருக்கட்டும். பச்சை காயும்போது காஞ்சதைப் பிடிச்சுக்கும், ஆணியே வேணாம்" என்றார். கிளைமரத் தளபாடத்தின் ரகசியம் முழுதும் இந்த இரண்டு வாக்கியம்தான். ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

காரணம் இதுதான். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. நார்க்குழாய்களுக்குள் சும்மா நிற்கும் தண்ணீர் முதலில் போகும். அது போகும்போது எடை குறையுமே தவிர, மரம் சுருங்காது. காய்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு, நாரின் சுவரிலேயே ஊறியிருக்கும் தண்ணீர் போகத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம். நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. குறுக்குவாக்கில்தான் எல்லாம், அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் மரத்தைக் கேக் துண்டு மாதிரி வட்டமாக அறுத்து வைத்தால், காயும்போது விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரு வாய் பிளக்கிறது. இணையத்தில் அழகாகத் தெரியும் அந்த வட்டப் பலகைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். இருக்கைக்கு எட்டங்குலக் கட்டையை ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் மேலே வருமாறு வையுங்கள். அது பெரும்பாலும் வெடிக்காது.

இப்போது காலும், கால்களை இணைக்கும் குறுக்குக் குச்சியும். பச்சைக் காலில் துளை போட்டு, முழுக்கக் காய்ந்த குச்சியின் முனையைக் கழுந்தாக, அதாவது துளைக்குள் இறங்கும் மெல்லிய முளையாகச் செதுக்கி இறுக்கமாக அடித்து இறக்கினால், கால் காயக் காயத் துளை சுருங்கி நீள்வட்டமாகும், கழுந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். மாற்றிச் செய்தால், அதாவது காய்ந்த காலில் பச்சைக் குச்சியை அடித்தால், குச்சி சுருங்கி ஒரு மாதத்தில் கையோடு வந்துவிடும். அதற்காகக் காலைச் சொட்டச் சொட்டப் பச்சையாகவும் எடுக்காதீர்கள், துளை ஓரத்தில் வெடிக்கும். வெட்டி இரண்டு மூன்று வாரம் நிழலில் கிடந்த கிளை சரியாக இருக்கும். வெட்டிய உடனே இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவுங்கள், அல்லது பழைய பெயின்ட். தண்ணீர் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும். தேவையைவிட மூன்றங்குலம் நீளமாக வெட்டி வைத்தால் வெடித்த முனையைப் பிறகு கழித்துவிடலாம்.

"நல்லா காஞ்சிருக்கட்டும்" என்று பாஸ் சொன்னாரே, அங்கேதான் நான் இரண்டாவது முறை விழுந்தேன். எங்கள் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் துணியே நான்கு நாள் காயாது. இஸ்தோப்பில் மூன்று மாதம் அடுக்கி வைத்திருந்த குச்சிகளைக் காய்ந்துவிட்டதாக நினைத்து ஒரு ஸ்டூல் செய்தேன். இங்கே இருந்தவரை கல் மாதிரி இருந்தது. வவுனியாவில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஆசைப்பட்டு எடுத்துப்போனாள். ஓகஸ்டில் போன் பண்ணி, "அண்ணே, உங்க ஸ்டூல் ஆட்டம் போடுது" என்றாள். மரம் ஒருபோதும் ஒரேயடியாகக் காய்ந்துவிடுவதில்லை, இருக்கிற ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத்தான் நிற்கும். ஈரக்காற்றில் காய்ந்த குச்சி, வவுனியா வெயிலில் இன்னும் கொஞ்சம் காய்ந்து, இன்னும் கொஞ்சம் மெலிந்துவிட்டது.

அதற்குப் பிறகு குச்சிகளை அடுப்புக்கு மேலே பரணில் போடுகிறேன். விறகடுப்பு உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல உலை கிடையாது. காய்ந்ததா என்று பார்க்க சமையலறைத் தராசு போதும்: ஒரு குச்சியை அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். நான்கைந்து நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் அந்த இடத்தில் அதற்குமேல் காயாது. இரண்டு குச்சியைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும், பச்சையாக இருந்தால் 'தொப்' என்றுதான் வரும். அடுப்புப் பரணில் எனக்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கிறது. எடுத்த அன்றைக்கே கழுந்து செதுக்கிப் பூட்டிவிட வேண்டும். இரண்டு நாள் வெளியே விட்டால் திரும்பவும் ஈரம் குடித்துவிடும்.

கழுந்து செதுக்குவதில் ஒரு சின்ன வித்தை. காய்ந்த கெட்டிக் கட்டை ஒன்றில் அதே முக்கால் அங்குல அலகால் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழுந்தை அதில் திணித்துத் திருகி வெளியே எடுத்தால், உரசிய இடம் பளபளக்கும். அந்த இடத்தை மட்டும் சீவுங்கள். கையால் அழுத்தினால் பாதி இறங்கி, மீதிக்குக் கொட்டாப்புளி தேவைப்பட வேண்டும், அதுதான் அளவு. ஒன்றே கால் அங்குலக் குச்சிக்கு முக்கால் அங்குலக் கழுந்து, இரண்டங்குலக் காலில் ஒன்றே கால் அங்குல ஆழத் துளை. துறப்பணம் இல்லாதவர்கள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போடுவதைப் பார்த்திருக்கிறேன். துளை விழும், ஆனால் உள்சுவர் கரியாகிப் பொடிவதால் பிடிமானம் போதாது. கிளாம்ப் வேண்டாம், கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்கினால் போதும்.

எந்த மரம்? எங்களுக்குக் கைக்கெட்டுவது சவுக்கு. தமிழ்நாட்டு நண்பர்கள் குழம்ப வேண்டாம், நீங்கள் சவுக்கு என்பது வேறு. தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியாவைத்தான் நாங்கள் சவுக்கு என்போம், நீலகிரியில் அதையே சில்வர் ஓக் என்பார்கள். நேராகப் பிளக்கும், செதுக்கச் சுகம், இருக்கைப் பலகைக்கு நல்லது. சிலருக்கு அதன் தூள் பட்டால் தோல் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். காலுக்கும் குச்சிக்கும் என் தேர்வு கொய்யா. கெட்டி, பட்டை உரித்தால் வழவழப்பு, வளைவும் அழகாக இருக்கும். முள்முருங்கையைத் தொடாதீர்கள், மென்மரம், பூச்சிக்குச் சோறு.

கோப்பி மரமும் நன்றாக இருக்கும், கொல்லையில் பழசு இருந்தால். சொல்லப்போனால் இந்த வேலைக்கு மலையகத்தில் ஒரு பழைய முன்னோடி உண்டு. 1869இல் வந்த இலைநோயில் கோப்பித் தோட்டங்கள் அடுத்த இருபது ஆண்டுக்குள் அழிந்தன. பட்டுப்போன கோப்பி மரங்களின் கிளைகளைக் கழித்து, தண்டை இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள், அங்கே தேநீர் மேசைகளுக்குக் கால் வைக்க. எங்கள் கொள்ளுத்தாத்தன்மார் நட்ட செடியின் மேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக் குடித்திருக்கிறார்கள்!

தேயிலைத் தூர், அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டை பற்றியும் கேட்பீர்கள். விதை போட்டு வளர்த்த பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேற ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல் போட்டு, பிறகு மறுநடவு செய்வார்கள். பிடுங்கிய தூர்தான் கண்ணாடி பதித்த மேசைக்கு அடியாகிறது. ஒவ்வொரு கவ்வாத்துக்கும் வெட்டுப்பட்டுத் தழும்பேறிய அந்த முடிச்சுகளுக்குத்தான் காசு. அழகுதான், நானும் ஒன்று செய்தேன், இனி செய்யமாட்டேன். வேர் இடுக்கில் மண்ணும் கல்லும் ஏறியிருக்கும். கம்பித் தூரிகையால் இரண்டு நாள் கழுவியும் என் வாளின் பல் மழுங்கிப்போனது.

கிளை பொறுக்கும்போது நேரானதைத் தேடாதீர்கள். கவட்டைதான், கிளை இரண்டாகப் பிரியும் இடம்தான் தங்கம். மரம் தானே போட்ட மூட்டு அது, எந்தக் கழுந்தும் அதற்கு ஈடாகாது. கதிரையின் கைப்பிடியைத் தாங்க, முதுகுச் சாய்வுக்கு, மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் கவட்டையை ஒதுக்கி வைப்பேன். ஒரே வளைவுள்ள ஜோடி கிடைக்காவிட்டால் தடித்த கிளையை நடுவே பிளந்தால் ஜோடி கிடைத்துவிடும்.

பட்டையோடு வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரியில் வெட்டியதுதான் எனக்கு ஒட்டி நின்றது. மழைக்காலத்தில் வெட்டியது வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது. என்னைக் கேட்டால் உரித்துவிடுங்கள், பட்டைக்கு அடியில்தான் வண்டு குடியேறும். காலடியில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் அது உளுக்கும் அறிகுறி. போராக்ஸ் (வெண்காரம்) கரைசலைப் பச்சையிலேயே இரண்டு முறை தடவிவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். கடைசியில் தேங்காய் எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், அது காயாமல் தூசியைப் பிடிக்கும். லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) நல்லது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டினால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. நிழல்மரம் தோட்டத்துடையது. கிளை கழிக்கும்போது கீழே விழுந்ததைக் கேட்டுவிட்டு எடுங்கள், மரத்தில் கை வைக்காதீர்கள். இலங்கையில் பலா, ஈரப்பலா (கறிப்பலா), பெண் பனை மூன்றும் உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது.

தொடங்குவது முக்காலியிலிருந்து. லயத்துத் தரை மாதிரி மேடு பள்ளமான தரையில் நான்கு கால் ஆடும், மூன்று கால் ஆடாது. கதிரை என்றால் பதினேழு, பதினெட்டு அங்குல உயரம் வேண்டும். அடுப்படி முக்காலிக்கு ஒன்பது போதும். காலை இருக்கைப் பலகையின் மேற்பக்கம்வரை வெளியே விட்டு, தலையைப் பிளந்து ஆப்பு அடியுங்கள். ஆப்பு, பலகையின் நாருக்குக் குறுக்காகப் போக வேண்டும். நாரோடு போனால் பலகையையே பிளந்துவிடும், நான் பிளந்திருக்கிறேன். மூன்று நாள் மாலை வேலை, அவ்வளவுதான்.

அப்பாயியின் இரண்டாவது முக்காலி நான்காவது வருடமாக அடுப்படியில் நிற்கிறது. வவுனியா ஸ்டூலுக்குத்தான் இன்னும் வைத்தியம் பார்க்கவில்லை. புதுக் குறுக்குக் குச்சி நான்கு இப்போது பரணில் காய்கிறது. நேற்று நிறுத்துப் பார்த்தேன், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.