சிஸ்டர் பதில்கள்

கேள்வி: நர்ஸ் வேலையையே என் அழைத்தலாக நம்புகிறேன். நைட் டூட்டி முடிந்து செபமாலை சொன்னால் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். பாவமா, சிஸ்டர்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தூக்கம் பாவமில்லை, அம்மா. நானும் இருபது வருஷம் வார்டில் நின்றவள்தான். புதுச்சேரியில் சம்பா கோயில் என்கிற மாதா பேராலயத்தின் மணி அடிக்கும்போது கையில் பெட்பேன் இருக்கும். அப்படியே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வேன். அது கணக்கில் வராதா என்ன! ஆனால் செபத்தை அடியோடு விட்ட மாதங்களில் நோயாளியின் பெயர் மறந்து, கட்டில் நம்பர்தான் வாயில் வந்தது. மாற்கு 1:35 பாருங்கள். முந்தின நாள் மாலையில் பலரைக் குணமாக்கிய இயேசு, விடியுமுன் தனியே போய்ச் செபிக்கிறார். உங்களுக்கு அது டூட்டி முடியும் நேரம். சரி, திரும்பும் பஸ்ஸில் செபமாலையில் ஒரே ஒரு மறையுண்மை (இயேசு, மரியா வாழ்வில் நாம் தியானிக்கும் ஒரு நிகழ்வு), அதாவது பத்து மணிகள் போதும். ஜன்னலோர சீட் மட்டும் வேண்டாம், தூக்கம் ஜெயித்துவிடும்.