லேசர் லைட்டில் பச்சை போச்சு: கேட்டதும் சொன்னதும்

சுவரெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி தெளிக்கும் லேசர் லைட்டுகள், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு என் மேசைக்கு வரத் தொடங்கும். மாசி மகம் வரை ஓயாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழுது பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்: அண்ணே, சிவப்பு நன்றாக எரிகிறது, பச்சை சுத்தமாக இல்லை. டையோடு மட்டும் வாங்கி மாற்றலாமா?

சிவப்பு என்றால் மாற்றலாம். அது 650 நானோமீட்டர் அலைநீளத்தில் (நிறத்தைத் தீர்மானிக்கும் அளவு அது) நேராக ஒளி தரும் ஒற்றை டையோடு. பச்சை அப்படியில்லை. இந்த மாதிரி விளக்குகளில் பெரும்பாலும் உள்ளே இருப்பது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு. அதன் ஒளி ஒரு படிகத்தில் பட்டு 1064 ஆகிறது, அடுத்த படிகத்தில் நுழைந்து பாதியாகி 532 ஆக, அதாவது பச்சையாக வெளியே வருகிறது. படிகங்கள் இம்மி நகர்ந்தாலும் பச்சை போய்விடும். வீட்டில் அதைச் சீர் செய்ய முடியாது. குழலோடு முழு மாட்யூலாகத்தான் மாற்ற வேண்டும்.

பச்சை தெரியவில்லை என்பதால் கதிரே வரவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். படிகம் கெட்டு, அகச்சிவப்பு மட்டும் வந்துகொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கதிருக்குக் கண் சிமிட்டாது. குழலுக்குள் எட்டிப் பார்த்து "எரியுதா?" என்று சோதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வில்லியனூர், மண்டப அலங்காரம் செய்பவர்: ஏசி ஹாலில் பச்சை மங்குகிறது. வெளியே எடுத்து வந்தால் பழையபடி பிரகாசம். லூஸ் கனெக்‌ஷனா?

கனெக்‌ஷன் இல்லை, குளிர். 808 டையோடு குளிர்ந்தால் அதன் அலைநீளம் சற்று நகரும். படிகம் உறிஞ்சும் அளவு குறைந்து பச்சை மங்கும். ஏசி காற்று நேரே படாத இடத்தில் வைத்து, விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். எதையும் கழற்ற வேண்டாம்.

தேவனாம்பட்டினம்: போன வருடம் மாற்றிய சிவப்பு டையோடு ஒரு வாரத்தில் போய்விட்டது. புதியதையும் மாற்றினேன், போட்ட உடனே போனது. போலிச் சரக்கா?

சரக்கின் மேல் பழி போடுமுன், டையோடுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டைப் பாருங்கள். லேசர் டையோடுக்கு வோல்டேஜைவிடக் கரண்ட்தான் உயிர். 5 மில்லிவாட் சிவப்புக்கு ஏறக்குறைய 20 முதல் 40 மில்லிஆம்பியர் போதும். அதற்கு மேல் கண நேரம் எகிறினாலும் டையோடின் முகப்புக் கண்ணாடி கருகிவிடும். உங்கள் வீடு கடற்கரை ஓரம். போர்டில் உப்புக் களிம்பு பச்சையாகப் பூத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்து, நன்றாக உலர விடுங்கள். உப்பிய கெப்பாசிட்டர் இருந்தால் அதை மாற்றுங்கள்.

அடுத்த டையோடைப் பலி கொடுக்காமல் சோதிக்க ஒரு வழி உண்டு. டையோடு இருந்த இடத்தில் மூன்று 4007 சாதா டையோடுகளைத் தொடராகக் கோத்து, கூடவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சேருங்கள். மூன்றும் சேர்ந்து சிவப்பு லேசரைப் போலச் சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டர் 30 மில்லிவோல்ட் காட்டினால் ஓடுவது 30 மில்லிஆம்பியர். நாற்பதைத் தாண்டினால் குற்றவாளி போர்டுதான். இந்தச் சோதனை பண்ணாமல் புது டையோடு போடுவது அரிசி இல்லாமல் உலை வைக்கிற கதை.

போட்ட உடனே போனதற்குக் காரணம் வேறு. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். போர்டின் வெளிவரும் இரு முனைகளையும் ஒரு ரெசிஸ்டரால் இணைத்து அதை இறக்கிவிட்டு, அப்புறம் டையோடைப் பற்றவையுங்கள். கையில் உள்ள நிலைமின்சாரமும் கொல்லும். டையோடின் கால்களை மெல்லிய கம்பியால் சுற்றி ஷார்ட் செய்து வைத்திருந்து, பற்றவைத்த பிறகே அவிழ்க்க வேண்டும். எர்த் இல்லாத நம்மூர் இரண்டு பின் சால்டரிங் அயர்னை நான் நம்புவதில்லை. அதை நன்றாகச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மூன்று விநாடிக்குள் ஈயத்தை வைத்து எடுத்துவிடுவேன். பழைய டையோடின் மூன்று கால்களில் எது எங்கே போகிறது என்று முதலிலேயே போட்டோ எடுத்து வையுங்கள். வகைக்கு வகை மாறும், தலைகீழ் வோல்டேஜை லேசர் தாங்காது.

முதலியார்பேட்டை: சிவப்புப் புள்ளிகள் கூர்மையாக இல்லை, பரவலான மங்கல் வெளிச்சம்தான் வருகிறது. லென்ஸைத் திருகினால் சரியாகுமா?

ஆகாது. டையோடு செத்துவிட்டது. லேசராக வேலை செய்யாமல் சாதாரண எல்இடி போல மின்னிக்கொண்டிருக்கிறது. மாற்றுவதுதான் வழி.

நெல்லிக்குப்பம்: மாற்றுவதே மாற்றுகிறோம், 5 மில்லிவாட்டுக்குப் பதில் 100 போட்டால் பெரிய ஹாலுக்கும் எட்டும் அல்லவா?

எட்டும், கண்ணையும் எட்டும். லேசரை ஆபத்தின் அளவுப்படி வகுப்பு பிரித்திருக்கிறார்கள்: 1 முதல் 5 மில்லிவாட் வரை 3ஆர் வகுப்பு, அதற்கு மேல் 500 வரை 3பி வகுப்பு. 3பி கதிர் நேரே பட்டால், கண் சிமிட்டுவதற்குள் பார்வையில் ஓட்டை விழலாம். கண் சிமிட்ட ஏறக்குறைய கால் விநாடி ஆகும், கதிர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. சூடும் கூடும், சின்ன அலுமினியக் குழலால் தாங்க முடியாது. பழையதன் அளவையே போடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை, கிரேட்டிங் தட்டைக் கழற்றிவிட்டு எரிய விடுவது. ஒரு கதிரை நூறு புள்ளியாகப் பிரிப்பதே அந்தத் தட்டுதான். கழற்றினால் மொத்தமும் ஒரே கம்பியாக வரும். சோதிக்கும்போது முரட்டுக் கறுப்பு அட்டையில் விழ வையுங்கள். பளபளப்பான டைல்ஸில் வேண்டாம். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. அந்த அலைநீளத்துக்கென்றே எண் பொறித்த கண்ணாடி வேண்டும். பச்சை மாட்யூலுக்கு 532, 808, 1064 மூன்றையும் தடுக்க வேண்டும்.

லாஸ்பேட்டை: மாடியில் வைத்து வானத்துக்கு அடிக்கலாமா? தென்னை மரம் அழகாகத் தெரியும்.

உங்கள் ஊரிலேயே விமான நிலையம் இருக்கிறது. தென்னை ஓலைக்கு நடுவே தப்பித்துப் போகும் கதிர் எவ்வளவோ தூரம் போகும், இறங்கி வரும் விமானியின் கண்ணைக் கூசவைக்கும். கீழ்நோக்கி, வீட்டுச் சுவரிலேயே அடியுங்கள்.

மஞ்சக்குப்பம்: குழந்தை தூங்கும் அறையில் நட்சத்திர லைட் வைத்திருக்கிறோம். மாமா, எவ்வளவு தூரம் பாதுகாப்பு?

தூரத்தை விடும்மா, பெட்டியைத் திருப்பி லேபிளைப் பார். 3ஆர் என்று இருந்தாலோ, லேபிளே இல்லாவிட்டாலோ, அந்த அறையை விட்டு எடுத்துவிடு. எல்இடி மட்டும் உள்ளது கிடைக்கிறது, குழந்தைக்கு அதுவே நட்சத்திரம்தான்.