தொழிற்சாலைக்கான வேதிப்பொருளை இறக்குமதி செய்யும் முன் என்னென்ன விதிகளைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம்: வெளிநாட்டிலிருந்து உலோகப் பாகங்களைக் கழுவும் ஒரு சால்வென்ட் கலவையை வாங்கப் போகிறீர்கள். விற்பவர் "எங்கள் நாட்டில் எல்லா அனுமதியும் இருக்கிறது" என்கிறார். சுங்க முகவர் "சரக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். இது போதுமா?

போதாது. அவர் நாட்டு அனுமதி அவருக்குத்தான். உங்கள் நாட்டுச் சட்டம் பொதுவாகக் கைகாட்டுவது இறக்குமதியாளரை, அதாவது உங்களை. முகவர் நீங்கள் கொடுக்கும் விவரத்தை வைத்துப் படிவம் நிரப்புகிறார், அவ்வளவுதான். அந்த விவரம் சரியா என்று பார்க்கிற வேலை ஆர்டர் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வணிகப் பெயர் எதற்கும் உதவாது. ஒவ்வொரு கூறுக்கும் சிஏஎஸ் எண்ணும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகளவில் தரப்படும் தனி அடையாள எண்) சதவீதமும் கேளுங்கள். வந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தட்டச்சுப் பிழை சர்வ சாதாரணம். கடைசி இலக்கமே ஒரு சரிபார்ப்பு இலக்கம்தான். அசிட்டோனின் எண் 67-64-1. கடைசி 1-ஐ விட்டுவிட்டு வலமிருந்து 4×1, 6×2, 7×3, 6×4 என்று பெருக்கிக் கூட்டினால் 61. அதன் கடைசி இலக்கம் 1. பொருந்துகிறது. பொருந்தாத எண் வந்தால் அந்தத் தாளை யாரும் சரிபார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இங்கேதான் பெரும்பாலான பேரங்கள் சிக்கிக்கொள்ளும். "கலவை எங்கள் வணிக ரகசியம்" என்பார் விற்பவர். அது நியாயமான கவலைதான், சண்டை போட வேண்டாம். இருவருக்கும் பொதுவான ஒரு ஆலோசகரிடம் ரகசிய ஒப்பந்தம் போட்டு முழு விவரத்தையும் கொடுக்கச் சொல்லலாம். சில நாடுகளில் விற்பவரே நேரடியாக அரசு அமைப்பிடம் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாமல் "எல்லாம் விதிப்படி உள்ளது" என்று ஒரே ஒரு கடிதம் மட்டும் தருகிறார் என்றால், என்னைக் கேட்டால் வேறு சப்ளையரைத் தேடுவேன்.

அடுத்தது பாதுகாப்புத் தரவுத் தாள், எஸ்டிஎஸ். வேதிப்பொருள் அபாயங்களை வகைப்படுத்தி லேபிளிடும் உலகளாவிய ஜிஎச்எஸ் முறைப்படி அதில் 16 பிரிவுகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 3, 9, 14 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கலவை 3-ல், ஃபிளாஷ் பாயின்ட் (திரவத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) 9-ல், போக்குவரத்து வகைப்பாடு 14-ல் இருக்கும். 9-ல் ஃபிளாஷ் பாயின்ட் 15 டிகிரி செல்சியஸ் என்று போட்டுவிட்டு, 14-ல் "அபாயகரமான சரக்கு அல்ல" என்று எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். கடல் போக்குவரத்துக்கான ஐஎம்டிஜி விதியில் 60 டிகிரி வரை ஃபிளாஷ் பாயின்ட் உள்ள திரவம் பொதுவாக வகுப்பு 3, எளிதில் தீப்பற்றும் திரவம். அதைச் சாதாரணச் சரக்கு என்று ஏற்றினால் கப்பல் நிறுவனம் அபராதம் போடும்; அதைவிட, கப்பலில் தீ பிடித்தால் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள்.

கூறுகள் தெரிந்த பிறகு, ஒவ்வொன்றும் உங்கள் நாட்டின் வேதிப்பொருள் பட்டியலில் இருக்கிறதா, அளவு வரம்பு உண்டா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரீச் சட்டப்படி ஒரு இறக்குமதியாளர் ஒரு பொருளை ஆண்டுக்கு 1 டன்னோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் பொதுவாகப் பதிவு தேவை. கலவையாக வந்தாலும் கணக்கு ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனி. வேறு வேறு கலவைகளில் வரும் அதே பொருளையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். அமெரிக்காவில் டாஸ்கா சட்டப்படி, சரக்கு அந்தச் சட்டத்தின் விதிகளுக்கு இணங்குகிறது அல்லது அந்தச் சட்டத்துக்கு உட்படாதது என்று இறக்குமதியாளரே உறுதிமொழி தர வேண்டும். இது இரண்டும் உதாரணம்தான். உங்கள் நாட்டு விதியை அதன் மூலத்திலேயே படியுங்கள்.

பலரும் தவறவிடுவது சர்வதேச ஒப்பந்தங்களை. பெயரைக் கேட்டால் ஆயுதம் என்று தோன்றாத பொருள்களும் அதில் வரும். ட்ரைஎத்தனோலமைன் உலோக வெட்டுத் திரவங்களிலும் அழகுசாதனப் பொருள்களிலும் இருக்கிறது; அதுவே ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் 3-ஆம் அட்டவணையிலும் இருக்கிறது. அசிட்டோனும் டொலுயீனும் போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 ஐ.நா. ஒப்பந்தத்தின் அட்டவணையில் உள்ளவை. பல நாடுகளில் இவற்றுக்குத் தனி உரிமமோ முன்னறிவிப்போ உண்டு. ஓசோனைக் கெடுக்கும் சால்வென்ட்களுக்கு 1987 மாண்ட்ரியல் உடன்பாடு. சில அபாயகரமான தொழில்துறை வேதிப்பொருள்களுக்கு ராட்டர்டாம் ஒப்பந்தம். அதில் இறக்குமதி செய்யும் நாட்டின் முன் ஒப்புதல் பார்க்கப்படும். அப்புறம், "மலிவாகக் கிடைக்கிறது, பயன்படுத்திய சால்வென்ட், நீங்களே சுத்திகரித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை. அது பாசல் ஒப்பந்தத்தின் கீழ் கழிவாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். அனுமதி நடைமுறையே வேறு.

சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீடு பற்றிச் சுருக்கமாக: தனி வேதிச் சேர்மங்கள் பெரும்பாலும் 28, 29-ஆம் அத்தியாயங்களில், கலவைகள் பல 38-ல். வரி குறைவு என்பதற்காக கலவையைத் தனிச் சேர்மமாகக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஆர்டரிலேயே எழுத்தில் சேர்க்க வேண்டியது: கலவையில் எந்த மாற்றம் செய்தாலும் சரக்கை ஏற்றும் முன் புதிய எஸ்டிஎஸ் அனுப்ப வேண்டும், டிரம்மின் லேபிள், எஸ்டிஎஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் பெயரும் ஐ.நா. எண்ணும் (அபாயகரமான சரக்கை அடையாளம் காட்டும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும்; ஏற்றும் முன் லேபிளின் புகைப்படம் வர வேண்டும். புகைப்படம் வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.